கண் முதலில், கணக்கு பிறகு

கறுப்பு ராஜா ஜி8 கட்டத்தில் நிற்கிறது. பக்கத்தில் எஃப்8-இல் அதன் யானை. முன்னால் ஜி7, எச்7 கட்டங்களில் இரண்டு சிப்பாய்கள். எஃப்7-இல் இருந்த சிப்பாய் முன்பே வெட்டுப்பட்டுவிட்டது. வெள்ளையின் குதிரை ஜி5-இல் இருக்கிறது. ராணியால் சி4-க்கு வர முடியும். பலகையின் செங்குத்து வரிசைகளை ஏ முதல் எச் வரையும், கிடை வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் குறிப்பது வழக்கம். பலகை இருந்தால் காய்களை அடுக்கிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

ராணி சி4-இல் வந்து செக் வைக்கிறது. ராஜா மூலைக்கு, எச்8-க்கு ஒதுங்குகிறது. குதிரை எஃப்7-க்குப் பாய்ந்து மீண்டும் செக். யானையால் அந்தக் குதிரையை வெட்டலாம். ஆனால் ராணி யானையை வெட்டிவிடும், ஆட்டமும் கையைவிட்டுப் போகும். ஆகவே ராஜா ஜி8-க்குத் திரும்புகிறது. இப்போது குதிரை எச்6-க்குப் போகிறது. குதிரையும் செக், அது விலகியதால் வழி திறந்துகொண்ட ராணியும் செக். இப்படி இரண்டு காய்கள் ஒரே நேரத்தில் செக் வைத்தால் குறுக்கே ஒன்றை நிறுத்திக் காக்க முடியாது. ராஜா நகர்ந்தே ஆகவேண்டும். அதற்கு எச்8 ஒன்றுதான் மிச்சம். அடுத்து வருகிறது, முதல்முறை பார்ப்பவர்கள் நம்ப மறுக்கும் நகர்வு: ராணி நேராக ஜி8-இல், ராஜாவுக்கும் யானைக்கும் நடுவே போய் உட்காருகிறது. எச்6 குதிரை அதற்குக் காவல் இருப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது. யானைதான் வெட்ட வேண்டும். யானை வெட்டியதும் குதிரை எஃப்7-க்குத் திரும்பி வருகிறது. மேட். ராஜாவைச் சுற்றியுள்ள மூன்று கட்டங்களிலும் அதன் சொந்தப் படையே நிற்கிறது. மொத்தப் பலகையில் ஒரே ஒரு குதிரை வேலையை முடித்துவிட்டது.

இதை ‘ஸ்மதர்டு மேட்’ என்பார்கள். இந்த ஐந்து நகர்வு வரிசைக்கு 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மேதை பிலிடோரின் பெயரும் உண்டு. ஆனால் பிலிடோர் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1497-இல் ஸ்பெயினின் சலமாங்காவில் லுசேனா வெளியிட்ட நூலில் இது இருக்கிறது.

இனி கேள்விக்கு வருவோம். ஓராண்டு பயிற்சி பெற்ற பத்து வயதுச் சிறுமி இந்த நிலையைப் பார்த்ததும் சில வினாடிகளில் ராணியை எடுத்து வைக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரரான பெரியவர் ஒருவருக்குக் காய்களின் விதிகள் மட்டும் தெரியும். அவர் அரைமணி நேரம் பார்த்தும் கண்டுபிடிப்பதில்லை. சிறுமி அவரைவிட வேகமாகக் கணக்கிடுகிறாள் என்று நினைத்தால் தவறு. நடு ஆட்டத்தில் ஒரு நிலையில் சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட நகர்வுகள் சாத்தியம். வெள்ளையின் ஐந்து நகர்வுகளும் கறுப்பின் நான்கு பதில்களும் சேர்ந்து ஒன்பது. முப்பதை ஒன்பது முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 20 லட்சம் கோடி வழிகள் வரும். எந்த மனிதரும் அதைக் கணக்கிட்டு மேட் கண்டதில்லை. அந்தச் சிறுமி கணக்கிடுவதற்கு முன்பே எதையோ பார்த்துவிட்டாள். அவள் பார்த்தது என்ன என்பதைத் தேடித்தான் உளவியல் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது.

அந்தத் தேடலை ஒழுங்காகத் தொடங்கியவர் அட்ரியான் டி க்ரூட். நெதர்லாந்து உளவியலாளர், அந்நாட்டுக்காக செஸ் ஒலிம்பியாட்டிலும் ஆடியவர். அலெகைன், யூவே, கெரஸ், ஃபைன் போன்ற அக்காலத்தின் உச்ச ஆட்டக்காரர்களையும் சாதாரண கிளப் ஆட்டக்காரர்களையும் ஒரே நிலையின் முன் உட்காரவைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். 1946-இல் வந்த அவருடைய ஆய்வேடு எல்லோரையும் வியக்கவைத்தது. உலகச் சாம்பியன்கள் இருபது நகர்வு ஆழம் பார்ப்பார்கள் என்று ஊர் நம்பியது. ஆனால் ஆழத்திலும், அலசிய நகர்வுகளின் எண்ணிக்கையிலும் மேதைகளுக்கும் நல்ல கிளப் ஆட்டக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. மேதைகள் அலசத் தொடங்கிய நகர்வே சரியான நகர்வாக இருந்தது. மற்றவர்களில் பலர் அதைத் தொடவே இல்லை.

டி க்ரூட் இன்னொன்றும் செய்தார். உண்மை ஆட்டம் ஒன்றின் நிலையைச் சில வினாடிகள் மட்டும் காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார். மேதைகள் ஏறக்குறைய முழுப் பலகையையும் பிழையின்றி அடுக்கினார்கள். கிளப் ஆட்டக்காரர்களால் பாதியைத்தான் அடுக்க முடிந்தது.

மேதைகளுக்கு நினைவாற்றலே அதிகமோ? இதற்கு 1973-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் விடை கண்டார்கள். சைமன் பின்னர் 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதே அவருடைய வாழ்நாள் கேள்வி. அதற்கு அவர் தேர்ந்துகொண்ட ஆய்வுக்கூடங்களில் ஒன்று செஸ் பலகை. ஐந்து வினாடி காட்டியபோது மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாக அடுக்கினார், நடுத்தர ஆட்டக்காரர் 8, புதியவர் 4. பிறகு அதே காய்களைக் கண்டபடி இறைத்துவைத்த பலகையைக் காட்டினார்கள். மாஸ்டரும் மூன்று நான்கு காய்களுக்கு இறங்கிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து ஃபெர்னாண்ட் கோபேயும் சைமனும் கவனமாக அளந்தபோது, இறைத்த பலகையிலும் மாஸ்டருக்குச் சிறிய மேல்கை இருப்பது தெரிந்தது. இறைத்த காய்களிலும் தற்செயலாக ஒன்றிரண்டு தெரிந்த அமைப்புகள் வந்துவிடுமல்லவா?

ஆக, மாஸ்டரின் தலையில் இருப்பது பொதுவான நினைவாற்றல் அல்ல. அவர் காய்களைத் தனித்தனியாக ஏற்றுவதில்லை, கொத்துகளாக ஏற்றுகிறார். கோட்டை கட்டிய ராஜா, பக்கத்தில் யானை, முன்னால் மூன்று சிப்பாய், எஃப்3-இல் குதிரை: புதியவருக்கு இவை ஆறு காய்கள், அவருக்கு ஒரே உருப்படி. மார்கழியில் வாசலில் கோலம் போடும் பெண் புள்ளிகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதில்லை. இழை எங்கே வளைந்து எங்கே சேரும் என்பது அவள் கைக்குத் தெரியும். சேஸும் சைமனும் அடுக்கும்போது விழும் இடைவெளிகளைப் படம்பிடித்து அளந்தார்கள். ஒரு கொத்துக்குள் காய்கள் கடகடவென்று விழுந்தன. இரண்டு வினாடிக்கு மேல் கை நின்றால் அடுத்த கொத்து தொடங்கியது. மாஸ்டருக்கு இத்தகைய கொத்துகள் பத்தாயிரம் முதல் லட்சம் வரை இருக்கலாம் என்று சைமன் மதிப்பிட்டார்.

இந்தக் கொத்துகள் வெறும் படங்கள் அல்ல என்பதுதான் ஆட்டம் கற்பவருக்கு முக்கியம். ஒவ்வொன்றோடும் ஒரு யோசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘எஃப்7 காலி, குதிரை ஜி5-இல், மூலைவிட்டம் திறந்திருக்கிறது’ என்ற அமைப்பு கண்ணில் பட்டதுமே ‘ராணி சி4’ என்ற யோசனையும் எழுகிறது. சிறுமி பார்த்தது இதைத்தான்.

மேட் வடிவங்களைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்வதற்கு முன், அவை எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள எளிய எண்ணிக்கையைப் புரிந்துகொள்ள வேண்டும். பலகையின் நடுவே நிற்கும் ராஜாவுக்கு எட்டுத் தப்பிக்கும் கட்டங்கள். ஓரத்தில் ஐந்து. மூலையில் மூன்று. மேட் என்பது இந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வது. ஒன்றை எதிரியின் காய் கண்காணிக்கலாம். அல்லது ராஜாவின் சொந்தக் காயே அடைத்துக்கொண்டு நிற்கலாம்.

கோட்டை கட்டிய ராஜா ஜி8-இல். எஃப்7, ஜி7, எச்7 மூன்றிலும் சொந்தச் சிப்பாய்கள். ஐந்தில் மூன்று கட்டங்களைக் காவலர்களே அடைத்துவிட்டார்கள். எட்டாம் வரிசையில் எதிரியின் யானை இறங்கினால் மிச்சமுள்ள எஃப்8-உம் எச்8-உம் அதே யானையின் கோட்டில் விழுகின்றன. ஒரே காய், முழு மேட். பள்ளிப் போட்டிகளில் மிக அதிகமான ஆட்டங்களை முடிப்பது இந்த ‘பேக் ரேங்க்’ மேட்தான் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். பாதி வேலையைத் தோற்பவரே செய்து வைத்திருக்கிறார்.

இதைவிட அழகானது அரேபிய மேட். ராஜா எச்8 மூலையில். வெள்ளை யானை எச்7-இல், குதிரை எஃப்6-இல். மூன்று கட்டங்களையும் எண்ணுங்கள். ஜி7-ஐ யானை பார்க்கிறது. ஜி8-ஐக் குதிரை பார்க்கிறது. எச்7-இல் நிற்கும் யானையை வெட்டலாமா என்றால், அதே குதிரை அதற்கும் காவல். எஃப்6 குதிரை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. அதனால்தான் இரண்டே காய்கள் போதுமாகின்றன. இந்தியாவில் பிறந்து பாரசீகம் வழியாக அரபு உலகுக்குச் சென்ற ஆட்டம் அங்கே ஷத்ரஞ்ச் ஆனது. 9-ஆம் நூற்றாண்டிலேயே அல்-அத்லி போன்ற வல்லுநர்கள் அங்கே புதிர்களைத் தொகுத்தார்கள். அந்த ஆட்டத்தில் இன்றைய ராணியின் இடத்தில் இருந்த காய் ஒரே ஒரு கட்டம் மூலைவாட்டில் நகரும் எளிய காய். பிஷப்பின் இடத்தில் இருந்ததும் வேறு மாதிரி நகர்ந்தது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அந்த இரண்டும் மாறின. யானையும் குதிரையும் மாறவே இல்லை. ஆகவே யானையும் குதிரையும் சேர்ந்து கட்டும் இந்த மேட் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எப்படிச் செல்லுபடியானதோ அப்படியே இன்றும் செல்லுபடியாகிறது.

பால் மார்ஃபி 1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கின் இருக்கையில் அமர்ந்து ஒரு கோமகனுக்கும் ஒரு பிரபுவுக்கும் எதிராக ஆடிய ஆட்டம் உலகின் எல்லாப் பயிற்சி நூல்களிலும் இருக்கிறது. 16-ஆவது நகர்வில் ராணியை பி8-இல் கொண்டுபோய்க் கொடுத்தார். டி7-இல் நின்ற கறுப்புக் குதிரை அதை வெட்டியே ஆக வேண்டும். அது நகர்ந்ததும் டி வரிசை திறந்தது. 17-ஆவது நகர்வில் யானை டி8-இல் மேட். ஜி5-இலிருந்த பிஷப் யானைக்குக் காவல் நின்றதோடு இ7-ஐயும் அடைத்தது. ராணி தியாகம்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. என் கருத்தில் கற்பவர் பார்க்க வேண்டியது பிஷப்பை. யானையும் பிஷப்பும் எந்தெந்தக் கட்டங்களைப் பங்கு போட்டுக்கொண்டன என்று தெரிந்தவருக்கு, குதிரையை மட்டும் டி7-இலிருந்து அகற்ற வேண்டும் என்ற தேவை தானாகக் கண்ணில் படும். பிறகு ராணியைக் கொடுப்பது வீரம் அல்ல; விலை பேசி வாங்குவது. டாக்டிக்ஸ் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன. முடிவு வடிவம் முதலில் தெரிகிறது. அதற்கும் இப்போதைய பலகைக்கும் இடையே உள்ள ஒரு தடை பிறகு தெரிகிறது. அந்தத் தடையை நீக்கும் நகர்வு கடைசியாக வருகிறது.

2016 நவம்பர் 30-ஆம் தேதி நியூயார்க்கில் மேக்னஸ் கார்ல்சன் உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட கடைசி நகர்வும் இந்த வகைதான். எதிராளி கர்யாக்கினின் ராஜாவுக்கு எதிரே எச்6-இல் ராணியை வைத்தார். ராஜா வெட்டினால் ஒரு யானை மேட். சிப்பாய் வெட்டினால் இன்னொரு யானை மேட். அவர் தேடியது ராணியைக் கொடுக்கும் வழியை அல்ல. இரண்டு மேட்களும் முன்பே அவர் கண்ணில் இருந்தன.

ஏன் எப்போதும் செக்கிலிருந்தே தொடங்குகிறோம்? இதற்கும் சைமன் ஒரு விடை வைத்திருந்தார். 1966-இல் அவரும் ஜார்ஜ் பேலரும் மேட் கண்டுபிடிப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒரு கணினி நிரலை எழுதினார்கள். அன்றைய கணினிகள் இன்றைய கைபேசியோடு ஒப்பிடவே முடியாத அளவு மெதுவானவை. எல்லா வழிகளையும் அலச வழியில்லை. அதனால் ஒரே விதியைக் கொடுத்தார்கள்: எதிரிக்கு மிகக் குறைந்த பதில்களை விட்டுவைக்கும் நகர்வை முதலில் பார். அந்த ஒற்றை விதியோடு அது புத்தகங்களில் உள்ள பல புகழ்பெற்ற மேட்களைக் கண்டுபிடித்தது. முதலில் பார்த்த ஐந்து நகர்வுகளுக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு படியிலும் கறுப்புக்கு ஒன்றோ இரண்டோ பதில்கள்தான் இருந்தன. 20 லட்சம் கோடி வழிகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டன. ‘செக், வெட்டு, மிரட்டல்’ என்ற வரிசையில் பார் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதற்கு அறிவியல் காரணம் இதுவே.

கண்ணின் வேலையை நேரடியாகவும் அளந்திருக்கிறார்கள். 2001-இல் எயால் ரைன்கோல்டும் அவருடைய குழுவினரும் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியோடு ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள். புதியவர்களின் பார்வை காய் காயாகத் தாவியது. தேர்ந்தவர்களின் பார்வை பெரும்பாலும் காய்களுக்கு இடையே உள்ள வெற்றுக் கட்டங்களில் நின்றது. அங்கிருந்தே சுற்றிலும் உள்ள பல காய்களின் உறவையும் அவர்கள் ஒருசேர அள்ளிக்கொண்டார்கள். ராஜாவுக்குச் செக் இருக்கிறதா என்ற கேள்விக்கு, சிலசமயம் கண்ணை நகர்த்தாமலே அவர்களால் விடை சொல்ல முடிந்தது.

இதுவரை சொன்னது வடிவங்களின் வலிமை. அவற்றுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. வளரும் ஆட்டக்காரர் அதை அறிந்தே ஆக வேண்டும்.

மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியாட், கோபே மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு என் பார்வையில் செஸ் உளவியலின் மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று. அவர்கள் தேர்ந்தெடுத்தது நாம் பார்த்த அதே ஸ்மதர்டு மேட்டை. அந்த ஐந்து நகர்வு மேட் இருக்கும் நிலையிலேயே, அதைவிடக் குறுகிய மூன்று நகர்வு மேட் ஒன்றும் இருக்குமாறு அமைத்தார்கள். மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடியுங்கள் என்றார்கள். நன்றாக ஆடுபவர்களில் பலர் ஸ்மதர்டு மேட்டை உடனே கண்டார்கள், குறுகியதைக் காணவில்லை. ஸ்மதர்டு மேட் வேலை செய்யாதபடி காய் அமைப்பைச் சற்று மாற்றிக் கொடுத்தபோது, அதே தரத்து ஆட்டக்காரர்கள் மூன்று நகர்வு மேட்டைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. தெரிந்த விடை, தெரியாத விடையை மறைத்தது.

இன்னும் அதிர்ச்சி தருவது கண் அசைவுப் பதிவு. “வேறு வழி இருக்கிறதா என்று தேடுகிறேன்” என்று அவர்கள் மனதார நம்பிச் சொன்னார்கள். அப்போதும் அவர்களின் கண்கள் பழைய விடைக்குரிய கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்தன. தேடுகிறோம் என்று நாம் நம்புவதும் நம் கண் உண்மையில் செய்வதும் வேறு வேறாக இருக்க முடியும். மருத்துவர், நீதிபதி, பொறியாளர் எல்லோருக்கும் இது பொருந்தும். செஸ் பலகையில் அதைக் கட்டம் கட்டமாக அளக்க முடிந்தது. மிக உயர்ந்த நிலை ஆட்டக்காரர்களிடம் இந்த மறைப்பு வெகுவாகக் குறைகிறது என்பதையும் அதே குழு காட்டியது. ஆக, தீர்வு வடிவங்களைக் குறைவாகக் கற்பதல்ல; மேலும் கற்பது, கற்றதைச் சரிபார்க்கப் பழகுவது.

சரிபார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லெகால் மேட் நல்ல உதாரணம். லெகால் பிலிடோரின் ஆசிரியர். பாரிஸின் புகழ்பெற்ற காபி விடுதியான கஃபே தெ லா ரெஜான்ஸில் ஆடியவர். கறுப்பு பிஷப் ஜி4-இல் நின்று, எஃப்3 குதிரையைப் பின்னாலுள்ள வெள்ளை ராணியோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறது. வெள்ளை அதைப் பொருட்படுத்தாமல் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறது. ஆசைப்பட்டுக் கறுப்பு ராணியை வெட்டினால், பிஷப் எஃப்7-இல் செக், ராஜா இ7, சி3-இல் இருந்த குதிரை டி5-இல் மேட். ராணியே இல்லாமல் மூன்று சிறிய காய்களால் முடியும் மேட். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் கறுப்பின் குதிரை சி6-இல் இருந்தால்? அது இ5-இல் நம் குதிரையை வெட்டும், அங்கிருந்தே ஜி4 பிஷப்புக்குக் காவலாகவும் நிற்கும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய்க்காக ஒரு குதிரை நட்டம். பலகையின் மற்ற முப்பது காய்களும் அப்படியே இருக்க, ஒரே குதிரையின் இடத்தால் மேதைமை பிழையாகிவிடுகிறது. லெகால் மேட்டைக் கற்றவர்களில் பலர் முதல் பாதியை மட்டுமே கற்கிறார்கள். எப்போது அது நடக்காது என்பதும் வடிவத்தின் ஒரு பகுதி.

எப்படிப் பயில்வது? லாஸ்லோ போல்கர் தன் மூன்று மகள்களை வளர்த்த முறை இங்கே பார்க்கத்தக்கது. இளைய மகள் யூடிட் 1991-இல், 15 வயதில், ஃபிஷரின் சாதனையை முறியடித்து அன்றைய உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் ஆனார். லாஸ்லோ தொகுத்த பெரிய நூலில் 5,334 புதிர்களும் ஆட்டங்களும் உண்டு. அதில் ஒரே நகர்வு மேட்கள் 306. இரண்டு நகர்வு மேட்கள் 3,412. புத்தகத்தின் பெரும்பகுதி இரண்டு நகர்வுக்குள் முடிந்துவிடுகிறது. ஆழமான புதிர்களுக்கு அவசரப்படுபவர்கள் இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து நகர்வு மேட்டின் கடைசி இரண்டு நகர்வுகளும் ஒரு இரண்டு நகர்வு மேட்தான். அது கண்ணில் இல்லாதவருக்கு முதல் மூன்று நகர்வுகள் எங்கே போகின்றன என்றே தெரியாது.

புகழ்பெற்ற ஆட்டங்களைக் காணொளியில் பார்ப்பது இன்பம் தருகிறது. அதைப் பயிற்சி என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களிடம் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து முன்னே நின்றவர்களோ, படித்ததைத் தாமே நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள். விடையைத் தலையிலிருந்து தோண்டி எடுக்கும் முயற்சிதான் நினைவை ஊன்றச் செய்கிறது. அதனால் விடைப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன் முழு வரிசையையும், எதிரியின் மிகச் சிறந்த பதிலோடு சேர்த்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் நகர்வை ஊகித்துவிட்டுச் செயலி சரி என்றதும் அடுத்ததற்குப் போவது ஊகிக்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். ஒரே வகைப் புதிர்களை ஒரே நாளில் ஐம்பது போடுவதைவிட, பல வகைகளைக் கலந்து, நாட்களைப் பரப்பிப் போடுவது நல்லது. ஸ்வீடனின் கிராண்ட்மாஸ்டர்கள் ஆக்செல் ஸ்மித், ஹான்ஸ் டிக்கானன் இருவரும் ஒரே புதிர்த் தொகுப்பை மேலும் மேலும் குறைந்த நேரத்தில் திரும்பப் போடும் முறையை 2018-இல் ஒரு நூலாகவே எழுதினார்கள். பயனுள்ள முறைதான். விடை நினைவில் இருப்பது மட்டும் போதாது, அந்த விடைக்கான காரணமும் நினைவில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.

எவ்வளவு காலம் ஆகும் என்று பெற்றோர்கள் கேட்பார்கள். கோபேயும் கில்லெர்மோ காம்பிட்டெல்லியும் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களிடம் விசாரித்தபோது, மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உங்கள் பிள்ளையை ஒப்பிட இதில் இடமே இல்லை.

புதிர்களால் கற்பிக்க முடியாத ஒன்று இருக்கிறது. புதிர், ‘இங்கே விடை உண்டு’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆட்டம் சொல்வதில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். சென்னையின் குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலை. எதிராளி டிங் லிரெனின் பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் மாறின. குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் எதிரே நிறுத்தினார். மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான். ஒதுங்க வேறு கோடு கிடையாது. பிஷப்களும் மாறின. மிச்சம் இருந்தது சிப்பாய் முடிவாட்டம். அதில் கூடுதல் சிப்பாயே வெற்றி. 18 வயதில் உலகச் சாம்பியன். புதிர்ப் புத்தகத்தில் அச்சிட்டால் பள்ளிச் சிறுவர்களும் விடை காண்பார்கள். அப்படியிருக்க, எஃப்2 நகர்வைக் கண்டதும் அதன் பிழை முதலில் தனக்குப் புலப்படவில்லை என்றும், வேறு நகர்வை வைக்க இருந்தபோதுதான் பிஷப் சிக்குவதைக் கண்டதாகவும் குகேஷே பின்னர் சொன்னார். யாரும் அவருக்கு மணியடித்துச் சொல்லவில்லை. வைக்கும் முன் மீண்டும் ஒருமுறை பார்த்தார்.

ஆகவே பயிற்சியில் இரண்டு மாற்றங்களைச் செய்யுங்கள். புதிர்களில் பாதியைத் தோற்கும் பக்கத்திலிருந்து பாருங்கள்: பலகையைத் திருப்பி வைத்து, எந்தக் கட்டம் அடைபட்டதால் ராஜா மாட்டியது, எந்த நகர்வில் தப்பியிருக்கலாம் என்று கேளுங்கள். உண்மை ஆட்டத்தில், எதிரி ஒவ்வொரு முறை காயை வைத்ததும், அந்தக் காய் விட்டுவந்த கட்டம் இப்போது யாருடைய காவலில் இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் ‘மேட் எங்கே?’ என்று மட்டும் கேட்காமல், மேட் இல்லாத நிலைகளையும் நடுநடுவே கலந்து வைத்து, ‘இங்கே மேட் இருக்கிறதா, இல்லையா?’ என்று கேளுங்கள். லெகால் நிலையிலிருந்தே தொடங்கலாம்: சி6-இல் குதிரையோடு ஒருமுறை, குதிரை இல்லாமல் ஒருமுறை.